அரிசோனா, கலிஃபோர்னியா பாலைவன லூபின்கள்: ஒன்றுபோல இருப்பவற்றை எப்படிப் பிரிப்பது?

பாலைவழி எழுதியது:

வணக்கம். பீனிக்ஸில் இருக்கிறேன். இந்த முறை குளிர்கால மழை நன்றாகப் பெய்ததால் பிப்ரவரிக் கடைசியிலிருந்தே குடும்பத்தோடு பூப் பார்க்கக் கிளம்பிவிட்டோம். லூபின் (அவரைக் குடும்பத்துக் காட்டுப்பூ) படங்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. எதற்கு என்ன பெயர் என்பதில்தான் தடுமாற்றம். மூன்று கூட்டமாகப் பிரித்து வைத்திருக்கிறேன்.

அ) பார்ட்லெட் ஏரிக்குப் போகும் வழியில் சரளைச் சரிவு. பொன்னிறப் பாப்பிகளுக்கு நடுவே நீலப் பூ. செடி முழங்கால் உயரத்துக்கும் கீழே.

ஆ) கலிஃபோர்னியாவில் மெக்கா ஊர்ப் பக்கம், பாக்ஸ் கேன்யன் சாலையை ஒட்டிய மணல் ஓடை. பூவின் நிறம் இளஞ்சிவப்புக்கும் ஊதாவுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. இலை பச்சைப் பசேல்.

இ) பார்ட்லெட் பக்கமே, ஆனால் சின்னச் செடி. சாம்பல் பூத்தது போன்ற நிறம், தண்டு இலை எல்லாம் முடி.

செயலியில் ஏற்றினால் ஒரே செடியின் இரண்டு படங்களுக்கு இரண்டு பெயர் வருகிறது. எனக்குத் தெரிந்தவரை இந்தத் தாழ்நிலப் பாலையில் மூன்று பெயர்கள் அடிபடுகின்றன: லூபினஸ் ஸ்பார்ஸிஃப்ளோரஸ், லூபினஸ் அரிசோனிகஸ், லூபினஸ் கன்சின்னஸ். களத்தில் நின்றுகொண்டே இவற்றைப் பிரிக்க நம்பகமான வழி இருக்கிறதா?

—

கைலென்ஸ் எழுதியது:

நல்ல கேள்வி, படங்களும் தெளிவாக இருக்கின்றன. முதலில் ஒன்று: நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள். லூபின் விஷயத்தில் எல்லோரையும் இழுப்பது பூவின் நிறம்தான், அதிகமாக ஏமாற்றுவதும் அதுதான். நான் எப்போதும் இலையிலிருந்து தொடங்குவேன்.

லூபின் இலை, விரல்கள் விரித்த அங்கை போல ஒரே புள்ளியிலிருந்து பிரியும் சிற்றிலைகள் கொண்டது. ஒரு சிற்றிலையின் மேற்பரப்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அரிசோனிகஸில் மேற்பரப்பில் ரோமம் இருக்காது, இருந்தாலும் மிகக் குறைவு. அதனால்தான் உங்கள் ஆ படத்தில் அந்தப் பளிச்சென்ற பச்சை. சிற்றிலையும் அகலம், 5 முதல் 10 மி.மீ. வரை வரும், கொஞ்சம் சதைப்பற்றாகவும் இருக்கும்.

ஸ்பார்ஸிஃப்ளோரஸின் சிற்றிலைகள் ஒடிசல். 2 முதல் 5 மி.மீ. அகலம்தான். எண்ணிக்கை பெரும்பாலும் 7 முதல் 11 வரை. செடியே மெல்லியதாக, மஞ்சரியில் (பூங்கொத்தில்) பூக்கள் இடைவெளி விட்டு, காற்றில் ஆடும் வாகில் நிற்கும். உங்கள் அ கூட்டம் அப்படித்தான் தெரிகிறது. மத்திய அரிசோனாவில் பாப்பிகளோடு கலந்து மலைச்சரிவு முழுக்க நீலம் தெரிந்தால், முதல் சந்தேகம் இதன் மேல்தான் விழ வேண்டும்.

கன்சின்னஸ் குட்டை. பெரும்பாலும் 10 முதல் 30 செ.மீ. உயரம். இலையின் இரு பக்கமும் அடர்ந்த ரோமம், மஞ்சரியில் பூக்கள் நெருக்கியடித்து இருக்கும். இன்னொன்றையும் தேடுங்கள்: சில செடிகளில் கீழ் இலைகளின் கக்கத்திலும் தனியாகப் பூக்கள் ஒளிந்திருக்கும். அது தென்பட்டால் கன்சின்னஸ் என்ற எண்ணம் இன்னும் பலப்படும்.

ஆனால் இது முதல் சுற்று மட்டுமே. முழு முடிவுக்குப் பூவைத் திறந்து பார்க்க வேண்டும்.

—

தேனீநேசன் எழுதியது:

நிறம் ஏன் ஏமாற்றுகிறது என்று கைலென்ஸ் அக்கா சொன்னதற்கு ஒரு காரணத்தைச் சேர்க்கிறேன். என் ஆர்வம் தேனீக்கள் பக்கம் என்பதால் இது எனக்கு மிகப் பிடித்த விஷயம்.

லூபின் அவரைக் குடும்பம். பூவின் அமைப்பும் அதே மாதிரிதான்: மேலே ஒரு கொடி அல்லி (அல்லி என்றால் பூவிதழ்), பக்கவாட்டில் இரண்டு சிறகு அல்லிகள், உள்ளே ஒளிந்திருக்கும் படகு அல்லி. கொடி அல்லியின் நடுவில் ஒரு வெளிர் புள்ளி இருக்கும். ஸ்பார்ஸிஃப்ளோரஸில் அது பெரும்பாலும் வெள்ளை, அரிசோனிகஸில் மஞ்சள். பூ விரிந்து சில நாள் ஆனதும் அந்தப் புள்ளி கருஞ்சிவப்பு ஊதாவாக மாறிவிடுகிறது. மாறிய பூவும் உடனே உதிர்வதில்லை, மஞ்சரியிலேயே நிற்கிறது. அதனால் ஒரே மஞ்சரியில் மேலே இளம் பூக்களில் வெளிர் புள்ளியும் கீழே மூத்த பூக்களில் சிவந்த புள்ளியும் சேர்ந்தே தெரியும்.

தேனீக்கள் இதைக் கற்றுக்கொள்கின்றன. லூபினில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டுமே பரிசு. புள்ளி சிவந்த பூவில் மகரந்தம் தீர்ந்துபோயிருக்கும். அதைத் தாண்டி வெளிர் புள்ளி உள்ள பூவுக்கே போகின்றன. ஸ்பார்ஸிஃப்ளோரஸ், அரிசோனிகஸ் இரண்டையும் சேர்த்து 1970களிலேயே இதை ஆராய்ந்திருக்கிறார்கள்.

இப்போது யோசியுங்கள்: மூத்த பூவை மட்டும் கிட்டத்தில் படம் எடுத்தால், மொத்தப் பூவும் சிவந்த சாயலில் தெரியும். இளம் பூவை எடுத்தால் நீலமாகத் தெரியும். ஒரே செடிக்கு இரண்டு பெயர் வருவதில் இதற்கும் பங்கு இருக்கலாம்.

—

மோஹாவி_நடை எழுதியது:

நான் லாஸ் வேகஸ் பக்கம் நடப்பவன். இவ்வளவு நுணுக்கம் தேவையா என்று தோன்றுகிறது. இடத்தை வைத்தே பாதி வேலை முடிந்துவிடும். மணல் ஓடை, தாழ்வான இடம், கலிஃபோர்னியாவின் கொலராடோ பாலை என்றால் அரிசோனிகஸ். அரிசோனாவில் சரளைச் சரிவு என்றால் ஸ்பார்ஸிஃப்ளோரஸ். ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவின் தெற்கு வாசலில், காட்டன்வுட் பக்கம் நல்ல வருடத்தில் சாலையின் இரு பக்கமும் நிற்பதெல்லாம் பெரும்பாலும் அரிசோனிகஸ்தான். கைலென்ஸ் போன்றவர்கள் படகு அல்லியைப் பிரித்துப் பார்க்கலாம், சாதாரணமாக ரசிக்க வருபவருக்கு இடமே போதும்.

—

கைலென்ஸ் எழுதியது:

ரசிப்பதற்குப் பெயரே வேண்டாம் நண்பரே, அதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. ஆனால் பாலைவழி கேட்டது பெயர். படத்தைப் பொதுத்தளத்தில் பெயரோடு ஏற்றினால் அது ஒரு பதிவாகிவிடுகிறது. நாளைக்கு யாரோ அதை வைத்துப் பரவல் வரைபடம் போடுவார்கள். "இந்த இடத்தில் இதுதான் வரும்" என்று நாம் எல்லோரும் எழுதினால், எதிர்பாராத இடத்தில் வளர்ந்த ஒரு செடி யார் கண்ணிலும் படாமலே போய்விடும். எனக்கு அது பெரிய இழப்பு.

இன்னொன்று, மூன்றும் ஒன்றுக்கொன்று எல்லை போட்டுக்கொண்டு வளர்வதில்லை. ஸ்பார்ஸிஃப்ளோரஸும் அரிசோனிகஸும் சோனோரன் பாலையில் பல இடங்களில் பக்கம் பக்கமாக நிற்கின்றன. சரிவில் ஒன்று, அதன் அடியில் ஓடும் ஓடையில் மற்றொன்று. விதை வெள்ளத்தில் உருண்டு இறங்கும்போது கலந்துவிடும். பாலைவழி ஒரே இடத்தில் அ, இ இரண்டையும் பார்த்ததே இதற்குச் சாட்சி.

பெரிய தாவரவியலாளர்களுக்கே இது லேசாக இருக்கவில்லை. செரீனோ வாட்சன் 19ஆம் நூற்றாண்டில் அரிசோனிகஸை முதலில் கன்சின்னஸின் ஒரு வகையாகத்தான் விவரித்தார். பிறகுதான் அது தனிச் சிற்றினம் ஆயிற்று. இதில் உலர்தாளும் (உலர்த்தித் தாளில் ஒட்டி வைக்கும் செடி மாதிரி) ஒரு சிக்கல்: அரிசோனிகஸின் இளஞ்சிவப்புப் பூ உலர்ந்தால் நீல ஊதாவாக மாறும். வாடிய பூவைக் களத்தில் பார்க்கும்போதும் இதை மனதில் வையுங்கள். போதாததற்கு மூன்றிலுமே அவ்வப்போது வெள்ளைப் பூச்செடிகள் வரும்.

இடத்தைக் குறித்து வைப்பது கட்டாயம். உயரம், மண், சரிவா ஓடையா எல்லாம் எழுதுங்கள். ஆனால் அது சாட்சிகளில் ஒன்று மட்டுமே, தீர்ப்பை அது தனியாகச் சொல்லக்கூடாது.

—

பாலைவழி எழுதியது:

நன்றி அக்கா. பூவைத் திறந்து பார்க்க வேண்டும் என்றீர்கள். எதைத் தேட வேண்டும்? பூங்காவுக்குள் பூப் பறிக்கக்கூடாது என்பதால் அங்கே என்ன செய்வது?

—

கைலென்ஸ் எழுதியது:

தேசியப் பூங்காவில் ஒரு பூவைக்கூடப் பறிக்கக்கூடாது, அது சட்டம். பறிக்காமலே பார்க்கலாம்.

படகு அல்லியைச் சிறகு அல்லிகள் இரண்டும் மூடியிருக்கும். ஒரு சிறகை நகத்தால் மெதுவாக விலக்குங்கள். பிறை போல வளைந்த, முனை கூரான படகு அல்லி தெரியும். அதன் கீழ் விளிம்பை, பூக்காம்புக்குப் பக்கத்தில், லென்ஸில் பாருங்கள். ஸ்பார்ஸிஃப்ளோரஸிலும் அரிசோனிகஸிலும் அங்கே கண்ணிமை மாதிரி சிறு ரோமங்கள் வரிசையாக நிற்கும். கன்சின்னஸில் பொதுவாக அந்த விளிம்பு வழவழப்பு. ஆக, சாம்பல் நிறக் குட்டைச் செடியில் படகு அல்லி விளிம்பும் மொட்டையாக இருந்தால் கன்சின்னஸ் என்று துணிந்து எழுதலாம். மற்ற இரண்டையும் தமக்குள் பிரிக்க இலையின் மேற்பரப்பும் அகலமும் போதும்.

10 மடங்கு பெருக்கும் லென்ஸ் வேண்டும். கைபேசியின் குளோஸப் வசதியும் இப்போது நன்றாகவே உதவுகிறது, ஆனால் காற்றடிக்கும் பாலையில் பூ ஆடிக்கொண்டே இருக்கும். செடிக்கு அடியில் தானாக உதிர்ந்த பூ கிடந்தால் அதை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள், பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள். செடிக்குப் பக்கத்தில் உட்காரும்போது காலடியில் இருக்கும் முளைகளையும் கவனியுங்கள். ஒரு பருவம் மட்டுமே வாழும் செடிகள் இவை, மிதிபட்டால் அடுத்த தலைமுறைக்கான விதையும் போயிற்று.

—

தேனீநேசன் எழுதியது:

சிறகை விலக்கும்போது இன்னொரு வேடிக்கையையும் பார்த்துவிடுங்கள். சிறகுகளைக் கீழ்நோக்கி லேசாக அழுத்தினால், படகு அல்லியின் கூர்முனையில் இருக்கும் சிறு துளை வழியாக ஆரஞ்சு நிற மகரந்தம் இடியாப்பக் குழலில் மாவு வருவது போலப் பிதுங்கி வரும். தேனீ வந்து உட்காரும்போது நடப்பது இதுதான், அதன் எடையும் காலும் சேர்ந்து அழுத்துகின்றன. மகரந்தம் வந்தால் அது இளம் பூ. எதுவும் வரவில்லை என்றால் கொடி அல்லியின் புள்ளியைப் பாருங்கள், பெரும்பாலும் சிவந்திருக்கும்.

—

கொல்லைப்புறம் எழுதியது:

பீனிக்ஸ் நண்பருக்கு ஒரு எச்சரிக்கை. நான் மேசா பக்கம் தோட்டம் போடுகிறேன். நகருக்குள்ளும் நெடுஞ்சாலை ஓரத்திலும் தெரிகிற லூபின் எல்லாம் தானாக வளர்ந்தது என்று நினைக்காதீர்கள். காட்டுப்பூ விதைக் கலவைகளில் லூபினஸ் சக்யுலெண்டஸ் வருகிறது. எங்கள் வீட்டு வாசலிலும் அதுதான், அக்டோபரில் விதைத்தால் மார்ச்சில் இடுப்பு வரை வந்துவிடுகிறது.

இதன் இலை மேற்பரப்பிலும் ரோமம் கிடையாது. அதனால் அக்கா சொன்ன முதல் சோதனையை மட்டும் வைத்தால் அரிசோனிகஸ் என்றே தோன்றும். வித்தியாசம் பூ அடுக்கில் இருக்கிறது. சக்யுலெண்டஸில் பூக்கள் தண்டைச் சுற்றி வளையம் வளையமாக, அடுக்கடுக்காக நிற்கும். அரிசோனிகஸில் அவை சுருளாக ஏறும். தண்டும் இதில் தடிமன், உள்ளே காலி. சிற்றிலையின் நுனி அகன்று, அடி ஆப்பு மாதிரி குறுகும்.

விதைக்கிறவர்களுக்கு: லூபின் விதையின் தோல் கல் மாதிரி. பாலையில் வெள்ளமும் மணலும் உரசி அதைத் தேய்க்கும். வீட்டில் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துவிட்டு விதைத்தால்தான் ஒழுங்காக முளைக்கிறது. விதையில் நச்சு ஆல்கலாய்டுகள் உண்டு, குழந்தைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பார்க்க அவரை விதை மாதிரியே இருக்கும்.

—

மோஹாவி_நடை எழுதியது:

இடம் பற்றிச் சொன்னதில் கைலென்ஸ் கருத்து நியாயம்தான், பதிவு என்று வரும்போது ஏற்கிறேன். ஆனால் நீங்கள் எல்லோரும் தாழ்நிலத்திலேயே நிற்கிறீர்கள். கொஞ்சம் மேலே ஏறி மோஹாவிப் பாலைக்கு வாருங்கள், இங்கேதான் உண்மையான தலைவலி.

இங்கே தண்டே இல்லாதது போலத் தரையோடு ஒட்டி வளரும் குள்ள லூபின்கள் இருக்கின்றன. ப்ரெவிகாலிஸ், ஃப்ளாவோகுலேட்டஸ், புசில்லஸ் மூன்றும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுதான். உள்ளங்கையளவு இலைக் கொத்து, நடுவில் நீலப் பூ. இவற்றில் என் கண் போவது புல்லி வட்டத்துக்கு, அதாவது இதழ்களுக்கு அடியில் இருக்கும் உறைக்கு. லூபினின் புல்லி வட்டம் மேலுதடு, கீழுதடு என்று இரண்டாகப் பிரிந்திருக்கும். ப்ரெவிகாலிஸில் மேலுதடு 1 அல்லது 2 மி.மீ. மட்டும், கீழுதடு அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். பக்கவாட்டில் பார்த்தால் மேலுதட்டை யாரோ கத்தரித்துவிட்டது போலத் தெரியும். ஃப்ளாவோகுலேட்டஸில் மேலுதடு நீளம், தெளிவாக இரண்டாகப் பிளந்திருக்கும். கொடி அல்லி பளபளக்கும் அடர்நீல ஊதா, நடுவில் மஞ்சள் கண். நிறத்தை நம்பாதே என்கிறீர்கள், இந்த ஒரு செடியில் அந்த மஞ்சள் கண்ணை விட எனக்கு மனம் வருவதில்லை.

புசில்லஸ் வடக்கே, கிரேட் பேஸின் மணலில் அதிகம். அதற்குக் காய் வரும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டு விதைகளுக்கு நடுவே காய் இடுப்பு ஒடுங்கியிருக்கும்.

இந்தக் குள்ளக் கூட்டத்துக்கே ஒரு பொது அடையாளம் உண்டு. முளைக்கும்போது வந்த இரண்டு வித்திலைகளும் பூக்கும் காலம் வரை அடியில் வட்டத் தட்டுகளாக ஒட்டிக்கொண்டிருக்கும். காய் குட்டையாக, ஒன்றிரண்டு விதைகளோடு இருக்கும். நீங்கள் பேசும் தாழ்நில மூன்றிலும் வித்திலைகளுக்குக் காம்பு உண்டு, சீக்கிரமே வாடி உதிர்ந்துவிடும். ஆகவே குட்டையான கன்சின்னஸா, ப்ரெவிகாலிஸா என்று குழம்பினால் செடியின் அடியைப் பாருங்கள்.

ஒடோராட்டஸ் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஜோஷுவா மரங்களுக்கு இடையே சமதளத்தில் வரும். இலையெல்லாம் அடியில், ரோமமே இல்லாத பச்சை, மேலே நிமிர்ந்து நிற்கும் அடர் ஊதா மஞ்சரி. குனிந்து முகர்ந்தால் வயலட் பூவின் வாசம். காற்று ஓய்ந்த காலையில் அந்த வாசத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். அதோடு குழம்பக்கூடியது ஷாக்லியை. அதிலும் இலை மேற்பரப்பு வெறுமைதான், ஆனால் அடிப்பக்கம் வெள்ளி ரோமம், அது இலை விளிம்பில் வெள்ளைக் கரை கட்டியது போலத் தெரியும். பூவும் சிறியது.

—

ஆஸ்டின்_அவரை எழுதியது:

டெக்சஸ் பக்கமிருந்து ஒரு வார்த்தை. இங்கே எல்லோரும் புளூபானட் என்று சொல்வதும் லூபின்தான். பிக் பெண்ட் பாலையில் வருவது லூபினஸ் ஹவார்டியை. ரியோ கிராண்டே ஆற்றை ஒட்டிய சாலையில் நல்ல வருடத்தில் ஒரு மீட்டர் உயரத்துக்கு நிற்கும். ஆஸ்டின் பக்கம் புல்வெளியில் வருவது டெக்ஸென்சிஸ். பிரிப்பது சுலபம்: ஹவார்டியையில் பொதுவாக 7 சிற்றிலைகள், டெக்ஸென்சிஸில் 5. டெக்ஸென்சிஸின் மஞ்சரி உச்சி வெள்ளையாகத் தூக்கித் தெரியும்.

1901இல் மாநிலப் பூவாக அறிவிக்கப்பட்டது சப்கார்னோசஸ் என்ற மணற்பகுதிச் சிற்றினம். டெக்ஸென்சிஸ்தான் அழகு என்று மக்கள் விடாமல் வாதாடினார்கள். கடைசியில் 1971இல் மாநிலத்தில் வளரும் எல்லாப் புளூபானட்களும் மாநிலப் பூவே என்று சட்டத்தைத் திருத்தினார்கள். லூபின் சிற்றினங்களைப் பிரிப்பது ஒரு சட்டமன்றத்துக்கே 70 வருட வேலையாக இருந்திருக்கிறது, நாம் ஒரு இழையில் தவிப்பது பெரிதில்லை.

தேனீநேசன் சொன்ன புள்ளி மாற்றம் டெக்ஸென்சிஸிலும் அப்படியே நடக்கிறது. வெள்ளை ஒயின் சிவப்பாகும்.

—

பாலைவழி எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. சொன்னபடி லென்ஸோடு மறுபடி பார்ட்லெட் போய்ப் பார்த்தேன். தாழ்வான சரிவுகளில் பூ முடிந்துகொண்டிருக்கிறது, கொஞ்சம் உயரத்தில் இன்னும் இருக்கிறது.

அ: சிற்றிலைகள் 8 அல்லது 9, அகலம் 3 மி.மீ. வாக்கில். படகு அல்லியின் கீழ் விளிம்பில் ரோமம் உண்டு, நன்றாகவே தெரிந்தது. புள்ளி இளம் பூவில் வெள்ளை, கீழே சிவப்பு.

இ: இலை இரு பக்கமும் பஞ்சு. படகு அல்லி விளிம்பு மொட்டை. ஒரு செடியில் கீழ் இலைக் கக்கத்தில் தனிப் பூ இருந்தது.

ஆ கூட்டத்துக்கு மறுபடி போக முடியவில்லை. பழைய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்ததில் இலை மேற்பரப்பு வழவழப்பு, அகலம் 7 மி.மீ. இருக்கலாம், பூ அடுக்கு சுருள்தான், வளையமில்லை.

புதிதாக ஒன்று: அதே சரிவில் அ மாதிரியே ஒடிசலான இலை, ஆனால் பூ முழு இளஞ்சிவப்பு. படம் இணைத்திருக்கிறேன். இது இரண்டுக்கும் நடுவில் கலந்ததா?

—

கைலென்ஸ் எழுதியது:

அ ஸ்பார்ஸிஃப்ளோரஸ், இ கன்சின்னஸ். இரண்டையும் தயங்காமல் எழுதலாம். ஆ அரிசோனிகஸ், ஆனால் பதிவில் "இலை, பூ அடுக்கு வைத்து, படகு அல்லி பார்க்கவில்லை" என்று குறிப்புச் சேர்த்துவிடுங்கள். பின்னால் பார்ப்பவருக்கு எதை நம்பி எழுதினீர்கள் என்பது தெரிய வேண்டும்.

புதிய இளஞ்சிவப்புச் செடியைக் கலப்பு என்று எழுத அவசரம் வேண்டாம். ஸ்பார்ஸிஃப்ளோரஸ் கூட்டத்தில் இளஞ்சிவப்புப் பூச்செடிகள் இயல்பாகவே வரும், நீலக் கடலில் ஒன்றிரண்டு ரோஜா நிறமாக நிற்கும். உங்கள் படத்தில் சிற்றிலை குறுகல், மேற்பரப்பில் பக்கவெளிச்சத்தில் ரோமம் மின்னுகிறது, பூக்கள் தள்ளித் தள்ளி இருக்கின்றன. எல்லாம் ஸ்பார்ஸிஃப்ளோரஸ் பக்கமே சேர்கிறது. பூவின் நிறத்தைத் தவிர அரிசோனிகஸுக்கு ஆதரவாக அதில் ஒன்றும் இல்லை.

மோஹாவி நண்பரே, ப்ரெவிகாலிஸின் புல்லி வட்டத்தைப் பக்கவாட்டில் எடுத்த படம் உங்களிடம் இருந்தால் இந்த இழையிலேயே போடுங்கள். ஏப்ரலில் மேட்டுப்பாலைக்குப் போகிறவர்களுக்கு உடனே உதவும். ஃப்ளாவோகுலேட்டஸ் படமும் பக்கத்தில் வைத்தால் இன்னும் நல்லது.

—

மோஹாவி_நடை எழுதியது:

ப்ரெவிகாலிஸ் படம் இருக்கிறது, இன்று இரவு ஏற்றுகிறேன். ஃப்ளாவோகுலேட்டஸ் என்னிடம் இருப்பதெல்லாம் மேலிருந்து எடுத்தவை, மஞ்சள் கண் மட்டும்தான் தெரிகிறது. இந்த வாரக் கடைசியில் மேலே போகிறேன், தரையில் படுத்துப் பக்கவாட்டில் எடுத்து வருகிறேன்.